ஆயிரத்து இருநூற்று முப்பத்தோராவது வரி

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டு முன் அறை. காலை ஒன்பது மணி பத்து நிமிடம். நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம், அதை அப்போதே ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். எதையும் குறித்து வைப்பது என் வழக்கம். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், தண்ணீர்த் தொட்டி கழுவிய நாள், குடை வாங்கிய நாள் எல்லாம் என்னிடம் இருக்கும். "நான் எத்தன தடவ தும்முனேன்னு கேட்டாக்கூட இந்த மனுஷன் சொல்லுவாரு" என்பாள் என் மனைவி.

அவள் சொன்னது ஏறக்குறைய உண்மைதான். ஒன்பது வருடங்களாக அவளுக்கு வலிப்பு நோய் உண்டு. ஒரு கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கியது. தொடக்கத்தில் வருடத்துக்கு நான்கைந்து முறை வரும். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம். எப்போது வந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எழுதி வரும்படி டாக்டர் முதல் நாளே சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நான் வலிப்பு வந்த நாட்களை மட்டுமல்ல, வராத நாட்களையும் எழுதினேன். காலை, பகல், மாலை, இரவு என்று ஒரு நாளைக்கு நான்கு வரி. முதலில் நோட்டில். பிறகு கணினியில்.

கணினியில் நான் பயன்படுத்துவது விலையில்லாமல் கிடைக்கும் ஒரு எடிட்டர், அதாவது எழுதுவதற்கு மட்டுமே உள்ள மென்பொருள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஆர்வலர்கள் சேர்ந்து செய்வது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். எனக்கு அதைப் போட்டுக் கொடுத்தவர் எங்கள் பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாய். பதினைந்து வருடம் வளைகுடாவில் ஒரு கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பியவர்.

அந்தச் சனிக்கிழமை நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே வேலை. கடைசியாக வலிப்பு வந்த மறுநாள் முதல் அன்றுவரை, இருபத்து நான்கு மாதக் குறிப்பும் ஒரே கோப்பாக இருந்தது. அதை அச்சிட வேண்டும். திங்கட்கிழமை பகல் டாக்டரைப் பார்க்க வேண்டும். "ரெண்டு வருஷம் முழுசா வராம இருந்துச்சுன்னா மாத்திரையக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம்" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் என் மனைவி இரண்டு வருடம் ஓட்டினாள். மாத்திரை போட்டால் தலைக்குள் பஞ்சு வைத்து அடைத்தது போல் இருக்கிறது என்பாள். நெடுங்காடு பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவள், ஒன்பது வருடமாகப் பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஸ்கூட்டரை விற்கவும் விடவில்லை. பள்ளியில் யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்தால் வேலை இருக்குமா என்பது எங்கள் இருவருக்கும் உள்ள பயம். அவள் அக்காவுக்குக்கூட நாங்கள் சொன்னதில்லை.

கோப்பைத் திறந்தேன். என் வரிகள் சில நீளமானவை. திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் போகும். எழுதும்போது அது எனக்குத் தொந்தரவில்லை. ஆனால் அப்படியே அச்சிட்டால் வரியின் மிச்சம் தாளுக்கு வெளியே போய்விடும். அதனால் நீண்ட வரிகளை மடித்துக் காட்டும் வசதியை அன்றுதான் முதல்முறையாக அழுத்தினேன்.

திரை ஒரு கணம் வெளிறியது. எடிட்டர் காணாமல் போனது.

மறுபடி திறந்தேன். அந்த மென்பொருள் கடைசியாகத் திறந்திருந்த கோப்பைத் தானே எடுத்துக்கொண்டு வரும். வந்தது. இரண்டு விநாடி. மூடிக்கொண்டது. 9.14, 9.17, 9.21 என்று ஒவ்வொரு முயற்சியையும் தாளில் குறித்தேன். பதினொரு முறை. கணினியை அணைத்துப் போட்டேன். எடிட்டரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். பழைய அமைப்புகளை எங்கோ நினைவில் வைத்திருக்கும் போலிருக்கிறது, அதே இரண்டு விநாடி. கணினியோடு வந்த இன்னொரு சாதாரண எழுதும் நிரலில் திறந்து பார்த்தேன். அது அப்படியே உறைந்து நின்றது. பயந்து மூடிவிட்டேன். வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்து வைப்பவன் நான். அதைச் செருகி அந்த நகலைத் திறந்தேன். அதுவும் இரண்டு விநாடிதான்.

பென் டிரைவைக் கழற்றி மேசையில் வைத்தேன். இரண்டு பிரதியும் போய்விட்டன என்று முடிவு செய்துகொண்டேன். நினைவிலிருந்து திருப்பி எழுத முடியாது. எழுதுகிறோமே என்ற தைரியத்தில் நான் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மொகம் இப்புடி இருக்கு?"

"ஃபைல் தொறக்க மாட்டேங்குது."

"அதான, என்னப் பத்தின ஃபைலு. அதுவும் மயக்கம் போட்டுட்டா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "விடுங்க. டாக்டர் கேட்டா வாயால சொல்லுவோம். ரெண்டு வருஷமா ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கு எதுக்கு நூறு பக்கம்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் என்னால் அப்படிப் போய் நிற்க முடியாது. மழை தூறிக்கொண்டிருந்தது. கணினிப் பெட்டியைப் பாலிதீன் பையில் சுற்றி, ஆட்டோ பிடித்துப் பாய் கடைக்குப் போனேன்.

"வாங்கண்ணே. பொட்டியத் தூக்கிட்டு வந்திருக்கீங்க, ஏதோ பெரிய காரியம்தான்" என்றார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். நேரம் குறித்த தாளையும் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆளு எனக்குக் கெடைக்கலண்ணே. எல்லாவனும் 'சும்மாதான் இருந்தேன், தானாப் போச்சு'ம்பான்" என்றார்.

பெட்டியை இணைத்து, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினார். "இதுல உங்க ஃபைலோட கடைசிப் பத்து வரியக் காட்டச் சொல்லப் போறேன். எடிட்டர் வேணாம்."

"பாய், ஒரு நிமிஷம்" என்றேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "அது கொஞ்சம்... சொந்த விஷயம்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். திரையை என் பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, நாற்காலியைத் தெருப் பக்கம் பார்க்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "என்டரத் தட்டுங்கண்ணே. வந்தது உங்களுதான்னு மட்டும் சொல்லுங்க."

தட்டினேன். பத்து வரிகள். முந்தைய இரண்டு மூன்று நாட்களின் வரிகள். கடைசி வரியில் "இரவு 9.00: மாத்திரை போட்டாள். நலம்" என்று இருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

"என்னுதுதான் பாய்."

"பாத்தீங்களா? ஃபைலு சாவல. தொறக்கப் போற ஆளுதான் உள்ள எதையோ பாத்துட்டு விழுவுறான். என்னத்தப் பாத்தான்னு கண்டுபுடிக்கணும். மடிக்காம அச்சடிக்க முடியாது, மடிக்கச் சொன்னா விழுவுறான்."

எடிட்டரைச் செய்பவர்கள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். குறை கண்டவர்கள் அதில் எழுதலாம். பாய் தேடிப் பார்த்தார். எங்கள் மாதிரியே ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு எந்த நாட்டுக்காரரோ, "எந்தக் கோப்பில் இப்படி ஆகிறதோ அதை அனுப்புங்கள், இல்லாவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று பதில் எழுதியிருந்தார். குறை சொன்னவர் அனுப்பவில்லை. அதோடு அந்தப் பேச்சு நின்றிருந்தது.

"அனுப்புவமா?" என்றார் பாய்.

"வேணாம் பாய். முடியாது."

"சரி. அப்ப நாமளே வெட்டிப் பாத்துக்கிடுவோம்."

அவர் சொல்லிக்கொடுத்தது எளிய வேலைதான். கோப்பில் மொத்தம் 2,944 வரிகள். அதைச் சரிபாதியாக வெட்ட வேண்டும். முதல் பாதியைத் தனியாகத் திறக்க வேண்டும். பிறகு இரண்டாம் பாதி. எந்தப் பாதியில் எடிட்டர் விழுகிறதோ, கோளாறு அதில் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். "பன்னெண்டு வெட்டுல ஆள் மாட்டிக்கிடுவான். நான் இங்கேருந்து என்ன தட்டணும்னு சொல்றேன், நீங்க தட்டுங்க."

தெருவைப் பார்த்தபடி அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நடுவில் யாராவது ஜெராக்ஸ் எடுக்க வந்தால், "செத்த இருங்க, அண்ணன் முக்கியமான வேலைல இருக்காரு" என்று வாசலிலேயே நிறுத்திவைத்தார்.

இரண்டாம் பாதி அழகாகத் திறந்தது. ஒரு வருடம் அப்படியே இருந்தது. முதல் பாதி விழுந்தது. அதன் முன்பாதி திறந்தது, பின்பாதி விழுந்தது. இப்படி வெட்டிக்கொண்டே போகும்போது எனக்கு ஒரு மாதிரி பதற்றம் கூடியது. ஆறு மாதம் மூன்று மாதமானது, மூன்று மாதம் ஒன்றரை மாதமானது. ஐந்தாவது வெட்டில் ஆவணி மாதம் என்று தெரிந்தது. எட்டாவது வெட்டில் ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டது. அது அவளுக்குக் காய்ச்சல் கண்டிருந்த வாரம்.

பாய் ஒரு கட்டத்தில், "போதும்ணே. மீதியெல்லாம் தொறக்குதுல்ல? இந்தப் பத்து வரிய விட்டுட்டு அச்சடிச்சிருவோம். பத்து வரில என்ன போச்சு?" என்றார்.

"ஒரு வரிகூட விட முடியாது பாய்."

"தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன்."

பன்னிரண்டாவது வெட்டில் ஒரே வரி மிஞ்சியது. 1,231ஆம் வரி. ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறுப்புத் திரையில் அதன் தொடக்கத்தைப் படித்தேன். "பகல் 2.20: காய்ச்சல் 100.4. தூங்குகிறாள்." அவ்வளவுதான். இதில் எடிட்டர் விழ என்ன இருக்கிறது?

"வரியோட நீளத்த எண்ணச் சொல்லுங்க" என்று கட்டளையைச் சொன்னார். தட்டினேன். வந்த எண்ணை நான் வாய்விட்டுப் படித்ததும் பாய் முதல்முறையாக நாற்காலியைப் பாதி திருப்பினார். திரையைப் பார்க்காமல் என் முகத்தை மட்டும் பார்த்தார்.

"ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரமா?"

அத்தனையும் வெற்றிடம். அந்தச் சின்ன வரிக்குப் பின்னால், ஸ்பேஸ் பாரை விடாமல் அழுத்தினால் வருமே, அந்த வெற்றிடம். ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். கண்ணுக்குத் தெரியாததால் ஒரு வருடத்துக்கு மேல் அது திரைக்கு வலப்பக்கம் வெளியே அப்படியே கிடந்திருக்கிறது. மடித்துக் காட்டு என்று நான் சொன்னதும் எடிட்டர் அதை மடிக்கப் போய் விழுந்திருக்கிறது.

"யாரோ ஸ்பேஸ் கட்டைய அமுக்கிக்கிட்டே தூங்கிருக்காங்கண்ணே" என்று சிரித்தார் பாய். "பூனை கீனை ஏறிப் படுத்திருக்கும்."

"எங்க வீட்டுல பூனை இல்ல பாய்."

"அப்ப நீங்கதான். அத அழிச்சுருங்க, ஃபைலு சரியாயிரும். ரெண்டு நிமிஷ வேலை."

அழித்தேன். கோப்பு முழுதாகத் திறந்தது, மடிந்தது, அச்சாகத் தயாராக நின்றது. நான் அச்சிடச் சொல்லவில்லை. நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவருக்கு அது விசித்திரமாக இருந்திருக்கும். எனக்கு வேறு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வீட்டில் என் விசைப்பலகையில், கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தேன். எண்ணினேன். 1,790. மூன்று முறை செய்து பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறை அதால் வகுத்தேன்.

எண்பத்து மூன்று நிமிடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெல்ல நினைவுக்கு வந்தது. காய்ச்சல் வந்தால் வலிப்பும் வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால் மூன்று இரவு நான் கண் மூடவில்லை. அன்று பகலில் அவள் கட்டிலில் படுத்திருந்தாள், நான் அதே அறையில் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கத்தில் டீ டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தது நினைவிருக்கிறது. திரை வெறுமையாக இருந்ததும், என்டர் தட்டியதும் எழுத்துகள் திரும்ப வந்ததும்கூட நினைவிருக்கிறது. கண்ணயர்ந்துவிட்டோம், ஐந்து நிமிடம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வரியில் நான் எழுதியிருந்தது இது: "3.45: இதுவரை நல்ல தூக்கம். நலம்."

நான் பார்க்கவே இல்லை. ஆனாலும் நலம் என்று எழுதியிருக்கிறேன்.

அதற்கு மறுநாள் காலைக்கு எழுதியிருந்த வரியைத் தேடிப் படித்தேன். "நாக்கின் ஓரத்தில் புண் என்கிறாள். நேற்று டீ சூடாகக் குடித்ததால். தோள் வலி, காய்ச்சலால். நலம்." ஒன்பது வருடம் இந்த நோயைப் பார்த்தவன் நான். வலிப்பில் நாக்கின் ஓரம் கடிபடும், மறுநாள் உடம்பு அடித்துப் போட்டது போல் வலிக்கும் என்று என் பழைய நோட்டுகளில் நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன். இந்த முறை டீயையும் காய்ச்சலையும் காரணமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். ஏன் என்றால், வலிப்பு வந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்குமா என்ற நினைப்பு.

அன்று நான் இதை அவளிடம் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த வெற்றிடத்தை மறந்துவிடலாமா என்று யோசித்தேன். அதை அழித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது சுத்தமான இருபத்து நான்கு மாதம். அவள் திங்கட்கிழமைக்கென்று புடவையைத் தேய்த்து எடுத்து வைத்திருந்தாள். ஸ்கூட்டருக்கு மேல் போட்டிருந்த தார்ப்பாயை நீக்கி, டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒருவேளை டீ சூடாகத்தான் இருந்திருக்கலாம். ஆனால் மாத்திரையைக் குறைத்த பிறகு பஸ் படிக்கட்டிலோ, ஸ்கூட்டரிலோ வந்தால்? மறுபடி முதலிலிருந்து யோசிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து தேதியைச் சொல்லி, அன்று பகல் என்ன நடந்தது என்று கேட்டேன்.

கீரையிலிருந்து கையை எடுக்காமல், "எதுக்கு இப்ப?" என்றாள்.

"நான் எம்பத்து மூணு நிமிஷம் தூங்கியிருக்கேன்."

"எம்பத்து மூணா! அதையும் எண்ணிட்டீங்களா?" என்றாள். வழக்கமான கிண்டல்தான். ஆனால் ஒரே காம்பைத் திரும்பத் திரும்பக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு முழிச்சப்ப கட்டிலுக்குக் கீழ கெடந்தேங்க. வாயெல்லாம் ரத்தம். எவ்வளவு நேரம் கெடந்தேன்னு தெரியல. நீங்க கீபோர்டு மேல கைய வச்சு அப்படியே சாஞ்சு தூங்கிக்கிட்டு இருந்தீங்க. மூணு நாளா தூங்காத மொகம். எழுப்ப மனசு வரல."

"அப்பறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க உங்களையே திட்டிக்கிட்டு இன்னும் மூணு மாசம் தூங்க மாட்டீங்க." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அது மட்டும் இல்ல. பொய் சொல்லல. பத்து மாசம் ஓடியிருந்துச்சு. மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணுமேன்னு இருந்துச்சு. நீங்கதான் நலம்னு எழுதிட்டீங்களே. உங்க நோட்டுல எழுதினா அது நடந்த மாதிரிதானே. நானும் அதையே நம்பிக்கிட்டேன்."

அவள் அழவில்லை. நான்தான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வந்ததும், "டாக்டர்கிட்ட நானே சொல்றேன்" என்றாள். "நீங்க சொன்னா நிமிஷக் கணக்கெல்லாம் சொல்லி அவர மயக்கம் போட வச்சுருவீங்க."

அன்று மாலை பாய் கடையில் அச்சிட்டேன். 1,231ஆம் வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் ஒரு புதிய வரி சேர்த்திருந்தேன். "2.22 முதல் 3.45 வரை நான் தூங்கினேன். பார்க்கவில்லை. வலிப்பு வந்ததாக அவள் சொல்கிறாள்." தாள்கள் இயந்திரத்திலிருந்து வரும்போதும் பாய் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்கிக் கயிறு கட்டும்போது மட்டும் எழுத்துப் பக்கத்தைக் கீழே பார்க்கக் கவிழ்த்துக் கட்டினார்.

"அந்த வெளிநாட்டுக்காரரு ஃபைலு கேட்டிருந்தாருல்ல" என்றேன். "வெறும் ஸ்பேஸ் மட்டும் இருக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு அனுப்பலாமா? அவருக்கு உதவுமா?"

"ஏன் உதவாது? அவங்களுக்கு நோயாளி யாருங்கறது தேவையில்ல, நோய் தெரிஞ்சாப் போதும்" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்குத் தெரிந்து சொன்னாரா, பேச்சுவாக்கில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் வெற்றிடம் கொண்ட, ஒரு எழுத்துகூட இல்லாத கோப்பு ஒன்றை அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து, இதைத்தான் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தோம், நன்றி என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பில் அந்தக் கோளாறு இல்லை.

திங்கட்கிழமை விடியற்காலைப் பஸ் பிடித்தோம். சிதம்பரத்தில் டீ குடித்தோம். டாக்டர் அறைக்குள் அவளே சொன்னாள், நான்கு வாக்கியத்தில். டாக்டர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளின் குறிப்பைப் புரட்டிப் படித்தார். நாக்குப் புண்ணையும் தோள் வலியையும் விரலால் தொட்டுக் காட்டினார். "இது வலிப்புன்னுதான் எடுத்துக்கணும். இப்ப குறைக்கறது ஆபத்து. அந்தத் தேதிலேருந்து ரெண்டு வருஷம்னு வைங்க. இன்னும் பத்து மாசம் இதே மாத்திரை." பிறகு அந்தத் தாளை எடுத்துத் தனியாக அவர் ஃபைலில் வைத்துக்கொண்டார். "இத நீங்க சொல்லாம விட்டிருந்தா இன்னிக்கே எழுதிக் குறைச்சிருப்பேன்" என்றார்.

வெளியே வந்ததும் அவள், "பத்து மாசம். எண்ணிக்கிடுங்க" என்றாள். கோபமா, கிண்டலா என்று புரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கடலூர் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இதை எழுதும் இன்று ஏழு மாதம் முடிந்திருக்கிறது. மிச்சம் மூன்று. ஒவ்வொரு நாளும் ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது. கோப்பில் இப்போது பகல் வரியை அவள்தான் எழுதுகிறாள், அவளுக்குத் தோன்றியபடி. நேரம் போடுவதில்லை, சில நாள் எழுதுவதே இல்லை. முதல் நாள் எழுதியது, "நான் நல்லா இருக்கேன், இவர் வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறாரு". நான் அதைத் திருத்தவில்லை. என் வரிகளில், நான் வேலைக்குப் போயிருந்த நேரங்களுக்கு எதிரே "பார்க்கவில்லை" என்று எழுதுகிறேன். மாதக் கடைசியில் படித்துப் பார்த்தால் அந்தச் சொல்தான் அதிகம் இருக்கிறது. அதை எழுதும்போது கை இன்னமும் ஒரு கணம் தயங்குகிறது. இத்தனை வருடமாக எத்தனை இடத்தில் பார்க்காமலேயே பார்த்ததாக எழுதியிருப்பேன் என்ற கேள்வி அந்த ஒரு கணத்தில் வந்து போகாத நாளே இல்லை.